கல்லா, எலும்பா?

அமெரிக்காவில் ஆர்வி என்ற வீட்டுவண்டியை எடுத்துக்கொண்டு ஊர்சுற்றக் கிளம்பினால் வழியில் அறை தேடும் கவலை இல்லை. அடுப்பு, படுக்கை, குளியலறை எல்லாம் வண்டிக்குள்ளேயே வந்துவிடுகின்றன. அதனால் நெடுஞ்சாலையை விட்டு விலகி ஒரு நாளைச் செலவழிப்பது சுலபம். அந்த நாளை யூட்டா மாநிலத்தின் கிழக்கு ஓரத்துக்குக் கொடுங்கள் என்பேன். வெர்னல் என்ற சிற்றூரைத் தாண்டி, கொலராடோ எல்லையை ஒட்டி, டைனோசர் தேசிய நினைவுச்சின்னம் இருக்கிறது. பெரும்பாலான அருங்காட்சியகங்களில் எலும்பைத் தோண்டிக் கொண்டுவந்து கட்டடத்துக்குள் வைத்திருப்பார்கள். இங்கே எலும்புகள் கிடந்த இடத்திலேயே கிடக்கின்றன. கட்டடத்தைத்தான் கொண்டுபோய் அவற்றுக்கு மேல் கட்டியிருக்கிறார்கள். ஒரு பக்கச் சுவரே மலைச்சரிவு. அதில் சுமார் 1,500 எலும்புகள் பாதி வெளியே தெரியும்படி பதிந்திருக்கின்றன.

கீழ்வரிசையில் உள்ளவற்றை நாம் தொடலாம். தொடை எலும்பு ஒன்றின் மேல் கை வைத்ததும் முதலில் தெரிவது அதன் குளிர்ச்சி. பாறை வெளிறிய மணல் நிறம், எலும்பு கரும்பழுப்பு. உடைந்த முனையைக் குனிந்து பார்த்தால் உள்ளே துளைத்துளையாக இருப்பது தெரியும். பக்கத்தில் நிற்கும் குழந்தை இந்த நேரத்தில் தவறாமல் கேட்கும்: “இது நிஜ எலும்பா?” பெரியவர்கள் பெரும்பாலும் சொல்லும் பதில், “எலும்பு எப்போதோ மக்கிப்போச்சு கண்ணு, இப்போ இருக்கிறது அதே வடிவத்துல உள்ள கல்லு.” இந்தப் பதிலைத்தான் நாம் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

சுமார் 14 கோடியே 90 லட்சம் ஆண்டுகளுக்கு முன்னால் இங்கே ஓர் ஆறு ஓடியது. கடும் வறட்சியில் நீரைத் தேடி வந்த விலங்குகள் ஆற்றங்கரையிலேயே மடிந்திருக்க வேண்டும். பிறகு வந்த வெள்ளம் அவற்றை உருட்டிக்கொண்டுபோய் ஒரு மணல்திட்டில் சேர்த்தது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஆலோசாரஸ், டிப்ளோடோகஸ், ஸ்டெகோசாரஸ் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகக் கலந்து கிடப்பது அதனால்தான். மணல் சீக்கிரமே மூடிவிட்டதால் எலும்புகள் பிணந்தின்னிகளின் பசிக்கும் வெயிலுக்கும் தப்பின.

இனி மண்ணுக்குள் நடந்ததைப் பார்ப்போம். எலும்பில் இரண்டு பொருள்கள் பின்னிக் கிடக்கின்றன. ஒன்று, வளைந்துகொடுக்கும் தன்மையைத் தரும் கொலாஜன் என்ற புரதம். மற்றது, உறுதியைத் தரும் கால்சியம் பாஸ்பேட். இரண்டாவது பொருள் பிறக்கும்போதே ஒரு கனிமம். புரதம் சிதைந்து போகிறது. கனிமம் அங்கேயே நிற்கிறது. ரத்தக் குழாய்கள் ஓடிய தடங்களும் மஜ்ஜை இருந்த குழிகளும் காலியாகின்றன. நிலத்தடி நீர் சிலிக்காவைக் கரைத்துக்கொண்டு அந்தக் காலியிடங்களுக்குள் ஊறி, அங்கே படிகமாகப் படிகிறது. சுற்றியிருந்த மணலை மணற்பாறையாக இறுக்கியதும் அதே நீர்தான்.

தீபாவளிக்குப் பாதுஷா செய்கிறோம் அல்லவா? பொரித்ததைப் பாகில் போடுகிறோம். பாகு ஒவ்வோர் இடுக்கிலும் ஏறி, ஆறியதும் சர்க்கரையாகப் பூத்துவிடுகிறது. பாதுஷா கனக்கிறது, கெட்டியாகிறது. ஆனால் மாவு போய்விட்டது, சர்க்கரைதான் மிச்சம் என்று யாரும் சொல்வதில்லை. நம் கைக்குக் கீழே இருப்பதும் அப்படித்தான். அந்த விலங்கின் எலும்புக் கனிமம் காலப்போக்கில் வேதியியல்படி ஓரளவு மாறியிருக்கிறது, இடைவெளிகள் நிரம்பியிருக்கின்றன. மற்றபடி அது அதே எலும்பு. பழைய பொருள் முழுவதும் போய் வேறொன்று அந்த இடத்தைப் பிடிப்பதும் உலகில் உண்டு. ஆஸ்திரேலியாவில் ஓப்பலாகவே மாறிய எலும்புகள் கிடைக்கின்றன. இந்தச் சுவரின் கதை அதுவல்ல.

ஏன் இதை இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், வெறும் வடிவம் மட்டும் மிஞ்சியிருந்தால் நமக்கு வெளித்தோற்றம் மட்டுமே தெரிந்திருக்கும். உள்ளமைப்பு அப்படியே நிற்பதால், எலும்பை மெல்லிய சீவலாக அறுத்து நுண்ணோக்கியில் வைத்தால் வளர்ச்சிக் கோடுகள் தெரிகின்றன. அவற்றை எண்ணி, அந்த விலங்கு எத்தனை வயதில் இறந்தது, எந்த வயதில் வேகமாக வளர்ந்தது என்று கணிக்கிறார்கள்.

எலும்புக்குள் ஊறிய நீர் சில இடங்களில் யுரேனியத்தையும் சிறிதளவு விட்டுச் சென்றிருக்கிறது. இதே நினைவுச்சின்னப் பகுதியில் 1990-ல் ஓர் ஆலோசாரஸ் கிடைத்தது, தலை மட்டும் இல்லாமல். 1996-ல் கதிரியக்கத்தை அளக்கும் கருவியைக் கொண்டு தேடி மண்ணுக்குள் புதைந்திருந்த அந்தத் தலையைக் கண்டுபிடித்தார்கள். எனக்கு இந்தச் சுவரைவிடவும் பிடித்த கதை இது.

கிடைமட்டமாக இருந்த ஆற்றுப்படுகை இப்படி ஏறக்குறைய செங்குத்தாக நிற்பதற்குக் காரணம் ராக்கி மலைத்தொடர் எழும்பியபோது பாறை அடுக்குகள் சாய்ந்ததுதான். மேலிருந்த அடுக்குகள் மழையிலும் காற்றிலும் தேய, 1909-ல் ஏர்ல் டக்ளஸ் கண்ணில் ஓர் அபடோசாரஸின் வால் எலும்புகள் எட்டு பட்டன. பிட்ஸ்பர்க் நகரின் கார்னகி அருங்காட்சியகத்துக்காக டைனோசர் எலும்புகளைத் தேடி வந்தவர் அவர். பல ஆண்டுகள் தோண்டி அனுப்பிய பிறகு, மிச்சத்தை இங்கேயே விட்டு மேலே கூரை போடுங்கள் என்று அவரே எழுதினார். 1931-ல் அவர் இறந்தார். கட்டடம் 1958-ல்தான் வந்தது. அடியிலிருந்த களிமண் ஈரம் பட்டால் உப்பி, காய்ந்தால் சுருங்கும் வகை. அதனால் கட்டடம் விரிசல் கண்டு 2006-ல் மூடப்பட்டது. அஸ்திவாரத்தை ஆழமாக இறக்கி 2011-ல் மறுபடி திறந்தார்கள்.

வேறு அருங்காட்சியகங்களில் நிமிர்ந்து நிற்கும் முழு எலும்புக்கூடுகள் பல வார்ப்புகள் என்பது உண்மை. லண்டனில் 1905-ல் வைக்கப்பட்ட புகழ்பெற்ற டிப்ளோடோகஸ்கூட பிளாஸ்டர் வார்ப்புதான். அசல் பிட்ஸ்பர்கில் இருக்கிறது. அசல் எலும்பைத் தூக்கி நிறுத்துவது எடை காரணமாகச் சிரமம். ஆராய்ச்சிக்குக் கழற்றி எடுப்பதும் கடினம். வார்ப்பு என்று எழுதியிருந்தால் ஏமாற்றம் அடைய வேண்டாம்.

ஆர்வியில் போகிறவர்களுக்கு ஒன்றிரண்டு விவரங்கள். உள்ளே இருக்கும் முகாம்களில் மின் இணைப்பும் தண்ணீர் இணைப்பும் கிடையாது. வெர்னலிலேயே தொட்டியை நிரப்பிக்கொள்ளுங்கள். கோடைக்காலத்தில் வண்டியைப் பார்வையாளர் மையத்தில் நிறுத்திவிட்டு ஷட்டில் பேருந்தில் மேலே போக வேண்டும். திரும்பும்போது, வெயில் தாழ்ந்திருந்தால், பேருந்தை விட்டுவிட்டு நடைபாதை வழியாக இறங்குங்கள். நிழல் கிடையாது, தண்ணீர் பாட்டில் அவசியம். கூரையோ விளக்கோ இல்லாமல், திறந்த பாறையிலேயே எலும்புகள் தெரியும் இடங்கள் அந்தப் பாதையில் உண்டு. ஒரு சில்லைக்கூட எடுத்துவரக் கூடாது, அது சட்டப்படி குற்றம். கரும்பழுப்பு நிறமும் துளைத்துளையான உட்புறமும் எங்கே சேர்ந்து தெரிகின்றன என்று பாருங்கள். வழிகாட்டியின் உதவி இல்லாமலே கண்டுபிடித்துவிடலாம்.