ஏறிய இடத்தில் நிலைத்திருத்தல்: கால்பந்துக் கழகங்கள் கற்பிக்கும் கணக்கு

பாறசாலை, நெய்யாற்றின்கரை, வெள்ளறடை வட்டாரத்து வாடிக்கையாளர்களுக்குக் கால்பந்தை நாம் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. இவ்வட்டாரக் கடற்கரையின் தென்கோடியிலுள்ள பொழியூர், சந்தோஷ் கோப்பைக்கான கேரள அணிக்கு வீரர்களைத் தந்துவரும் ஊர். எல்லையைத் தாண்டினால் குமரி மாவட்டத்தின் இரவிபுத்தன்துறை. மைக்கேல் சூசைராஜ், மைக்கேல் ரெஜின் என்னும் சகோதரர்கள் அவ்வூரிலிருந்து புறப்பட்டு நாட்டின் முதன்மைப் போட்டிகள் வரை சென்றவர்கள். வங்கித் துறைக்கும் இவ்விளையாட்டு அந்நியமன்று. 2017-இல் பாரத ஸ்டேட் வங்கியுடன் இணையும் வரை திருவாங்கூர் ஸ்டேட் வங்கி தனக்கெனக் கால்பந்து அணி வைத்திருந்தது. 2022-இல் சந்தோஷ் கோப்பையை வென்ற கேரள அணியின் தலைவர் ஜிஜோ ஜோசப்பும் வங்கி அணி ஆட்டக்காரரே.

ஒரு கழகம் கீழ்ப்பிரிவில் வென்று மேற்பிரிவுக்குச் செல்வதைத் 'தர உயர்வு' என்கிறோம். அந்த மகிழ்ச்சி ஒரு மாலைப்பொழுதுக்கு உரியது. அதன்பின் வரும் வரவையும் செலவையும் கையாளும் முறையே அக்கழகத்தின் அடுத்த பத்தாண்டுகளைத் தீர்மானிக்கிறது. வருமானம் திடீரென உயரும் எந்தக் குடும்பத்துக்கும் எந்தச் சிறு தொழிலுக்கும் இது பொருந்தும். ஆகவே சில கழகங்களின் வரலாற்றை இங்கே ஒரு வங்கியாளரின் கண்கொண்டு பார்ப்போம்.

தர உயர்வு என்பது என்ன?

இங்கிலாந்தில் கால்பந்துக் கழகங்கள் படிப்படியான பிரிவுகளாக அமைந்துள்ளன. உச்சியில் 20 கழகங்கள் கொண்ட பிரீமியர் லீக். அதற்கு அடுத்த படியில் 24 கழகங்கள் கொண்ட சாம்பியன்ஷிப். பருவ முடிவில் மேற்பிரிவின் கடைசி மூன்று கழகங்கள் கீழிறங்கும். கீழ்ப்பிரிவிலிருந்து மூன்று மேலேறும். 2022-23 பருவத்து விதிப்படி சாம்பியன்ஷிப்பின் முதல் இரண்டு இடத்தாரும் நேரடியாக ஏறினர். மூன்று முதல் ஆறாம் இடம் வரை வந்தவர்கள் தங்களுக்குள் மோதி, வென்ற ஒருவர் மூன்றாமவராக ஏறினார். பிறப்பாலோ பணத்தாலோ எவருக்கும் நிலையான இடமில்லை என்பதே இம்முறையின் அடிப்படை.

இந்தியாவில் மூடியிருந்த கதவு

இந்தியாவில் நெடுங்காலம் நிலைமை வேறாக இருந்தது. 2007-இல் ஐ-லீக் தொடங்கியது. 2014-இல் இந்தியன் சூப்பர் லீக் வந்தது. பிந்தையது உரிமைக் கட்டணம் செலுத்திய கழகங்களைக் கொண்ட போட்டி. ஐ-லீக்கில் வாகை சூடியவர்க்கு அதனுள் நுழைய வழியில்லை.

2018-19 பருவத்தில் கோயம்புத்தூரைத் தாயகத் திடலாகக் கொண்டு ஆடிய சென்னை சிட்டி கழகம் ஐ-லீக்கை வென்றது. 2019 மார்ச் 9 அன்று மினர்வா பஞ்சாபை 3-1 என வீழ்த்தி, ஈஸ்ட் பெங்காலை ஒரே ஒரு புள்ளியில் முந்தியது. ஆயினும் மேலே செல்லக் கதவில்லை.

அடுத்து கேரளத்தின் முறை. கோகுலம் கேரளா கழகம் 2021 மார்ச் 27 அன்று கொல்கத்தாவில் டிராவ் அணியிடம் ஒரு கோல் பின்தங்கியிருந்து, இறுதிக் கட்டத்தில் நான்கு கோல்கள் அடித்து 4-1 என வென்று பட்டம் பெற்றது. மறு ஆண்டும், 2022 மே 14 அன்று முகமதன் ஸ்போர்ட்டிங்கை 2-1 என வென்று பட்டத்தைத் தக்கவைத்தது. ஐ-லீக் காலத்தில் தொடர்ந்து இருமுறை வென்ற முதல் கழகம் அதுவே. அதற்கும் தர உயர்வு கிட்டவில்லை.

காரணம் ஒரு கால அட்டவணை. ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பு 2019-இல் இந்தியக் கால்பந்துக்கான வழித்திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. அதன்படி 2022-23 பருவம் முதலே ஐ-லீக் வாகையர் நுழைவுக் கட்டணமின்றி மேற்பிரிவுக்குச் செல்லலாம். கோகுலத்தின் இரண்டாம் பட்டம் அந்தக் கதவு திறப்பதற்குச் சரியாக ஒரு பருவம் முன்னதாக வந்துவிட்டது.

பஞ்சாபின் பருவம்

கதவு திறந்த ஆண்டில் ஆயத்தமாக இருந்தது ரவுண்ட்கிளாஸ் பஞ்சாப். மினர்வா பஞ்சாப் என்ற பெயரில் 2017-18-இல் ஐ-லீக்கை வென்ற அதே கழகம், 2020-இல் புதிய உரிமையாளர் கைக்கு வந்திருந்தது. 2022 நவம்பரில் தொடங்கிய பருவத்தில் 12 கழகங்கள். ஒவ்வொன்றுக்கும் 22 ஆட்டங்கள். கிரேக்கப் பயிற்சியாளர் ஸ்டைகோஸ் வெர்கெட்டிஸின் கீழ் பஞ்சாப் 16 ஆட்டங்களில் வென்றது. நான்கைச் சமன் செய்தது. இரண்டில் மட்டுமே தோற்றது. மொத்தம் 52 புள்ளிகள். இரண்டாம் இடத்து ஸ்ரீநிதி டெக்கான் பெற்றவை 42. ஸ்லோவேனியாவின் லூகா மாய்சென் பஞ்சாபின் கோல் வேட்டையை முன்னின்று நடத்தினார்.

2023 மார்ச் 4 அன்று டெல்லியில் ராஜஸ்தான் யுனைடெட்டை 4-0 என வென்றதும் பட்டம் உறுதியாயிற்று. திடலில் ஈட்டிய வெற்றியின் பயனாக இந்தியன் சூப்பர் லீக்கில் அடியெடுத்து வைத்த முதல் கழகம் என்ற பெயர் பஞ்சாபுக்குக் கிடைத்தது. 2023-24-இல் மேற்பிரிவில் ஆடிய முதல் பருவத்தில் அது எட்டாம் இடம் பெற்றது. அதே பருவத்தில் ஐ-லீக்கை வென்ற முகமதன் ஸ்போர்ட்டிங் அடுத்து மேலேறியது.

கோப்பைக்குப் பின் இரண்டாம் தேர்வு

ஐ-லீக்கை வென்றாலே மேற்பிரிவு உறுதியென நினைப்போர் பலர். உண்மையில் 'கழக உரிமம்' என்னும் இரண்டாம் தேர்விலும் கழகம் தேற வேண்டும். இந்த உரிமத்துக்கு ஐந்து வகை நிபந்தனைகள் உண்டு: இளையோர் பயிற்சி உள்ளிட்ட விளையாட்டுத் தகுதி, திடல் முதலிய கட்டமைப்பு, தகுதியுள்ள பணியாளர், சட்ட ஆவணங்கள், நிதிநிலை.

ஐந்தாவது நிபந்தனை நமக்கு மிகவும் பழக்கமானது. தணிக்கை செய்யப்பட்ட கணக்கு அறிக்கை வேண்டும். ஆட்டக்காரர்க்கும் ஊழியர்க்கும் பிற கழகங்களுக்கும் தரவேண்டிய நிலுவை இருத்தலாகாது. தொழிற்கடன் கேட்டுக் கிளைக்கு வரும் வணிகரிடம் நாம் கேட்பவையும் ஏறத்தாழ இவையே. நல்ல விற்பனை நடக்கும் கடைக்கும் ஒழுங்கான கணக்கு இல்லையெனில் கடன் வாய்ப்புத் தள்ளிப்போகிறது. வாய்ப்பு எந்த ஆண்டில் வரும் என்று முன்கூட்டி அறிய முடியாது. ஆவணங்களை எல்லா ஆண்டுகளிலும் ஆயத்தமாக வைத்திருக்க முடியும்.

பட்டம் வென்றவரும் நிலைத்திருப்பார் என்ற உறுதியில்லை. சென்னை சிட்டி வென்ற 2019-ஆம் ஆண்டிலேயே சுவிட்சர்லாந்தின் பாசெல் கழகம் அதன் 26 விழுக்காட்டுப் பங்கை வாங்கியது. அந்த உச்சியிலிருந்து மூன்றே பருவங்களில், 2021-22 ஐ-லீக் அணிகளின் வரிசையில் சென்னை சிட்டி இல்லை.

லூட்டனும் லீட்சும்: இரு வழிகள்

பணத்தின் பங்கை இங்கிலாந்தில் இன்னும் தெளிவாகக் காணலாம். லூட்டன் டவுன் என்னும் சிறு நகரக் கழகத்துக்கு 2008-09 பருவத்தில், பழைய நிதி முறைகேடுகளுக்காக 30 புள்ளிகள் குறைக்கப்பட்டன. அது தொழில்முறை லீக்கை விட்டே வெளியேறி ஐந்தாம் பிரிவுக்குச் சென்றது. 2014-இல் திரும்பி வந்து, 2018, 2019 என அடுத்தடுத்து ஏறி, 2023 மே 27 அன்று வெம்பிளித் திடலில் கோவன்ட்ரி சிட்டியைப் பெனால்டி முறையில் 6-5 என வென்று பிரீமியர் லீக்கை அடைந்தது. அந்த ஓர் ஆட்டத்தின் மதிப்பு குறைந்தது 17 கோடி பவுண்டு என டெலாய்ட் நிறுவனம் கணித்தது. நம் பணத்தில் 1,700 கோடி ரூபாய்க்கும் மேல்.

அவ்வளவு வரவு கண்ணெதிரே இருந்தும் லூட்டன் அளவறிந்தே செலவிட்டது. ஏறத்தாழ 10,000 பேர் அமரும் தன் பழைய திடலை விதிகளுக்கு ஏற்பச் சீரமைத்துக்கொண்டு அங்கேயே ஆடியது. 2024-இல் கீழிறங்கியது, 2025-இல் மீண்டும் ஒரு படி இறங்கியது. தொடர்ந்து இரண்டு வீழ்ச்சிகள். ஆனால் அவ்விரண்டுக்கும் இடையில், 2024 டிசம்பரில், புதிய திடல் கட்டும் திட்டத்துக்கு அது ஒப்புதல் பெற்றது. ஆட்டத்தில் தோற்ற கழகம் தன் எதிர்காலத்தை இழக்கவில்லை.

லீட்ஸ் யுனைடெட் சென்றது வேறு வழி. 2001-இல் ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக்கின் அரையிறுதி வரை சென்ற கழகம் அது. அவ்வாண்டில், இனிவரும் ஆண்டுகளின் நுழைவுச்சீட்டு வருவாயை ஈடாக வைத்து 6 கோடி பவுண்டு கடன் வாங்கியது. ஆண்டுதோறும் ஐரோப்பியப் போட்டிப் பணம் வரும் என்பதே அதன் கணக்கு. அடுத்த பருவத்தில் அந்த வாய்ப்புக் கைகூடவில்லை. ஆட்டக்காரர்களை விற்றது, 2004-இல் கீழிறங்கியது, அதே ஆண்டில் சொந்தத் திடலையும் விற்றது. 2007-இல் மூன்றாம் பிரிவு. பிரீமியர் லீக்குக்குத் திரும்ப 2020 வரை 16 ஆண்டுகள் ஆயின.

கீழிறங்கும் கழகங்களுக்குப் பிரீமியர் லீக் 'பாராசூட் தொகை' ஒன்றை வழங்குகிறது. ஒளிபரப்பு வருவாயில் ஒவ்வொரு கழகத்துக்கும் கிடைக்கும் சமபங்கில் முதலாண்டு 55 விழுக்காடு, இரண்டாமாண்டு 45, மூன்றாமாண்டு 20. ஒரே பருவம் மேலே இருந்தவர்க்கு முதல் இரண்டு ஆண்டுகள் மட்டும். வீழ்ச்சி வரும் என்பதை முன்னரே ஏற்று, அதற்கெனப் பணம் ஒதுக்கி வைக்கும் ஏற்பாடு இது. குடும்பங்களுக்கு இத்தகைய தொகையை வழங்க எந்த லீக்கும் இல்லை. அதை நாமே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

நம் வீட்டுக் கணக்கில்

எல்லையோரத்து ரப்பர் விவசாயிகள் உயர்வையும் இறக்கத்தையும் நன்கறிந்தவர்கள். 2011-இல் கிலோ 240 ரூபாய் அளவைத் தொட்ட ரப்பர் விலை, 2016 தொடக்கத்தில் 100 ரூபாய்க்கும் கீழே இறங்கியது. மாதம் 200 கிலோ விற்கும் ஒரு குடும்பத்தை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். விலை 240 எனில் வரவு 48,000 ரூபாய். 100 எனில் 20,000. நல்ல விலைக் காலத்தில் 15,000 ரூபாய் மாதத் தவணைக்கு அவர்கள் கடன் எடுத்திருந்தால், அன்று அது வரவில் மூன்றிலொரு பங்குக்கும் குறைவு. விலை இறங்கியதும் அதே தவணை வரவில் முக்கால் பங்கு. பால்வெட்டுக் கூலியைக் கழித்தால் வீட்டுச் செலவுக்கு மிஞ்சுவது மிகச் சொற்பம்.

தவணையும் மாறாதிருப்பதில்லை. 2022 மே மாதத்துக்கும் 2023 பிப்ரவரிக்கும் இடையில் ரிசர்வ் வங்கி ரெப்போ விகிதத்தை 4-இலிருந்து 6.5 விழுக்காடாக உயர்த்தியது. 30 லட்சம் ரூபாய் வீட்டுக்கடனை 20 ஆண்டுகளில் அடைப்பதாகக் கொண்டால், 7 விழுக்காட்டில் மாதத் தவணை ஏறத்தாழ 23,260 ரூபாய், 9.5 விழுக்காட்டில் ஏறத்தாழ 27,960. வீடு மாறவில்லை, கடன் மாறவில்லை. மாதந்தோறும் 4,700 ரூபாய் கூடுகிறது.

எனவே வளைகுடாவில் நல்ல வேலை, பதவி உயர்வு, கடையில் கூடிய வியாபாரம், ரப்பருக்கு ஏறிய விலை ஆகிய எவ்வகையில் உயர்வு வந்தாலும், புதிய கடனுக்குக் கையொப்பமிடும் முன் கீழ்க்கண்டவற்றைச் சிந்திக்குமாறு வேண்டுகிறோம்.

ஒன்று: கூடிய வருமானத்தை ஒரு பருவமாவது பார்த்துவிட்டு, அதன் பிறகே அதை நம்பித் தவணையை நிர்ணயியுங்கள். பழைய வருமானத்திலும் கட்டக்கூடிய தவணையே பாதுகாப்பானது. எல்லாக் கடன்களின் தவணைகளும் சேர்ந்து கைக்கு வரும் வருமானத்தில் 40 விழுக்காட்டைத் தாண்டாதிருப்பது நலம்.

இரண்டு: ஆறு மாதச் செலவுக்கும் தவணைக்கும் போதுமான தொகையைத் தனியே வைப்பில் இடுங்கள். இதுவே உங்கள் பாராசூட். ஒரே முறையில் இயலாவிடில், கூடிய வருமானத்தின் ஒரு பகுதியைத் தொடர் வைப்பாகச் செலுத்திச் சேர்க்கலாம்.

மூன்று: மாறும் வட்டிக் கடன் எனில், வட்டி 2.5 விழுக்காடு கூடினால் தவணை என்னவாகும் என்று கிளை அலுவலரிடம் கணக்கிட்டுக் கேளுங்கள். அந்தத் தொகையையும் கட்ட முடியுமெனில் தயங்காமல் முன்செல்லலாம்.

நான்கு: வருமான வரிக் கணக்கு, விற்பனைப் பதிவேடு, நில ஆவணங்கள் ஆகியவற்றை ஆண்டுதோறும் ஒழுங்குபடுத்தி வையுங்கள். தேவைப்படும் நாளில் தேடத் தொடங்கினால் வாய்ப்பு காத்திருக்காது.

உயர்வுக்கு அஞ்சச் சொல்வது நம் நோக்கமன்று. பஞ்சாப் மேலேறியதும் லூட்டன் வெம்பிளியில் வென்றதும் கொண்டாட வேண்டியவையே. உங்கள் பிள்ளைக்கு வேலை கிடைத்த செய்தியும் உங்கள் கடை பெருகிய செய்தியும் எங்கள் கிளைகளுக்கு மகிழ்ச்சி தருபவை. அம்மகிழ்ச்சியோடு ஒருமுறை கிளைக்கு வாருங்கள். கடனுக்கு விண்ணப்பிக்கும் முன்பே அலுவலருடன் அமர்ந்து, நல்ல ஆண்டின் கணக்கு ஒன்றும் மோசமான ஆண்டின் கணக்கு ஒன்றும் போட்டுப் பாருங்கள். இரண்டிலும் தவணை கட்ட முடிகிற தொகை எதுவோ, அதுவே உங்களுக்கேற்ற கடன்.