ஒரு டிஷ்... இரண்டு டி.வி... ஒயர் எத்தனை?

"ஒயர் சமாச்சாரமெல்லாம் ஆம்பிளைங்க வேலை" என்று நாம் ஒதுங்கிக்கொள்வதே வழக்கம். ஆனால் பகல் முழுக்க வீட்டில் இருப்பது யார்? படம் போய்விட்டால் குழந்தைகளின் கூச்சலையும் பெரியவர்களின் முணுமுணுப்பையும் கேட்பது யார்? நாம்தானே! ஆகவே சகோதரிகளே, இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். ஒன்றும் பெரிய வித்தை இல்லை.

எங்கள் வீடு ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூர் பக்கம். சாமைக் கொல்லைகளுக்கு நடுவே வீடுகள் இங்கொன்றும் அங்கொன்றுமாகத்தான் இருக்கும். மலைமேல் இப்படிச் சிதறிக் கிடக்கும் வீடுகளுக்கு கேபிள் இழுத்தால் யாருக்குக் கட்டுப்படியாகும்? 2006-ல் தமிழக அரசு இலவச கலர் டி.வி. கொடுக்க ஆரம்பித்த பிறகு, எங்களைப் போன்றவர்களுக்குக் கை கொடுத்தது டிஷ்தான். தூர்தர்ஷன் 2004 டிசம்பரில் ஆரம்பித்த, மாதக் கட்டணம் இல்லாத டிஷ் சேவை (இப்போது 'டிடி ஃப்ரீ டிஷ்' என்கிறார்கள்) ஒரு பக்கம், தனியார் டிஷ்கள் மறுபக்கம்.

வீட்டுக்கு ஒரு டி.வி. என்று இருந்தவரை தொல்லை இல்லை. 2020-ல் கொரோனாவால் பள்ளிக்கூடங்கள் மூடிக் கிடந்தபோதுதான் சிக்கல் வந்தது. கல்வித் தொலைக்காட்சியிலும் சில தனியார் சேனல்களிலும் பாடம் நடத்தினார்கள். மலையில் எல்லா இடத்திலும் செல்போனுக்கு சிக்னல் கிடைக்காது; டி.வி.யை விட்டால் பிள்ளைகளுக்குப் பாடமே இல்லை. என் மகள் பத்தாம் வகுப்பு, மகன் ஏழாம் வகுப்பு. இரண்டு பாடமும் ஒரே நேரத்தில், வேறு வேறு சேனலில் வரும். என் மாமியார் தன் அறையில் இருந்த டி.வி.யைப் பேரனுக்கு விட்டுக்கொடுத்தார். இன்னொரு செட்டாப் பாக்ஸும் வாங்கினோம். ஒயர் வேலைக்கு வந்தவர், இருந்த ஒற்றை ஒயரின் நுனியில் ஒரு ஸ்ப்ளிட்டரை மாட்டி இரண்டாகப் பிரித்துவிட்டு, "ஒயர் செலவு மிச்சம் அக்கா" என்று சொல்லிப் போனார்.

மறுநாளே ரகளை! மகன் சேனலை மாற்றினால் மகளின் டி.வி.யில் 'சிக்னல் இல்லை' என்று வரும். "கணக்குப் பாடம் பாதியில போச்சும்மா! இவன் வேணும்னே பண்றான்" என்று அவள் அழ, "நான் ஒண்ணும் பண்ணலைம்மா" என்று இவன் கத்த, நான் என்ன செய்வேன்? பழைய நோட்டு ஒன்றை எடுத்து, எந்தச் சேனல் வைத்தால் எது போகிறது என்று இருவரையும் எழுதி வைக்கச் சொன்னேன். நான்கே நாளில் விஷயம் புரிந்தது. மகன் குறிப்பிட்ட சில சேனல்களுக்குப் போனால் மட்டுமே படம் போகிறது. மற்றவற்றுக்குப் போனால் போவதில்லை. போளூரிலிருந்து வந்த வேறொரு மெக்கானிக் நோட்டைப் பார்த்ததுமே சிரித்துவிட்டார். "டி.வி. மேலயும் குத்தமில்ல, பிள்ளைங்க மேலயும் குத்தமில்ல அக்கா. ஒயர் பிரிச்ச விதம்தான் தப்பு" என்றார். அவர் விளக்கியதும் பிறகு நான் கேட்டுத் தெரிந்துகொண்டதும் இதுதான்.

டிஷ் என்ன செய்கிறது?

எங்கள் மலையில் காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. 1986-ல் அங்கே திறக்கப்பட்ட பெரிய தொலைநோக்கியின் கண்ணாடி 2.3 மீட்டர் அகலம். குழிவான அந்தக் கண்ணாடி நட்சத்திர வெளிச்சத்தையெல்லாம் ஓரிடத்தில் குவிக்கிறது. நம் கூரை டிஷ்ஷும் அதே வேலையைத்தான் செய்கிறது! சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் செயற்கைக்கோளிலிருந்து வரும் அலைகளை, முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் சின்ன மூக்கில் குவிக்கிறது. அந்த மூக்குக்குத்தான் எல்.என்.பி. என்று பெயர். அது அலைகளை ஒயரில் வரக்கூடிய அளவுக்குக் குறைத்து அனுப்புகிறது.

நாம் நினைப்பதுபோல் ஒயர் வழியாகப் படம் கீழே வருவது மட்டும் நடப்பதில்லை. செட்டாப் பாக்ஸ் அதே ஒயரில் மேலே கட்டளையும் அனுப்புகிறது. செயற்கைக்கோள் அலைகளில் நெட்டு, கிடை என்று இரண்டு வகை உண்டு. பாக்ஸ் 13 வோல்ட் அனுப்பினால் எல்.என்.பி. நெட்டு வகையைக் கொடுக்கும். 18 வோல்ட் அனுப்பினால் கிடை வகையைக் கொடுக்கும். ஒரு நேரத்தில் ஒன்றுதான்.

ஒரே அடுப்பில் பாலை சிம்மிலும் குக்கரை முழுத் தீயிலும் ஒரே சமயத்தில் வைக்க முடியுமா? முடியாதல்லவா? அதேதான் இங்கேயும். ஸ்ப்ளிட்டர் போட்ட ஒற்றை ஒயரில் இரண்டு பாக்ஸும் ஆளுக்கொரு வோல்ட் அனுப்பினால், அதிக வோல்ட் அனுப்புகிற பாக்ஸின் பேச்சுதான் எடுபடும். மற்றதில் படம் போய்விடும். நாம் பார்க்கும் சேனல்கள் எல்லாமே ஒரே வகையில் வந்தால் மட்டும் சாதா ஸ்ப்ளிட்டர் ஒத்துவரும்.

என்னதான் வழி?

1. இரட்டை எல்.என்.பி.: ஒரே டிஷ், மூக்கில் இரண்டு வாய். ஒவ்வொரு பாக்ஸுக்கும் தனித்தனி ஒயர். யார் எந்தச் சேனல் பார்த்தாலும் மற்றவருக்கு இடைஞ்சல் இல்லை. நான்கு வாய் உள்ளதும் உண்டு. எங்கள் வீட்டில் இதைத்தான் போட்டோம். இன்னொரு டிஷ் வாங்கும் செலவு மிச்சம்.

2. ஒற்றை ஒயர் எல்.என்.பி.: ஒயர் இழுக்கவே வழியில்லாத வீடுகளுக்கு இது. 'யூனிகேபிள்' என்பார்கள். ஒரே பஸ்ஸில் ஆளுக்கொரு ரிசர்வ் சீட் மாதிரி, ஒவ்வொரு பாக்ஸுக்கும் ஒயருக்குள் தனி அலைவரிசை ஒதுக்கிவிடும். ஐரோப்பாவில் 2007-ல் வந்த தரப்படி ஒரே ஒயரில் 8 பாக்ஸ் வரை ஓடும். 2013-ல் வந்த தரப்படி 32 வரை. ஆனால் பாக்ஸிலும் அந்த வசதி இருந்தால்தான் வேலை செய்யும். இதற்கென்று உள்ள ஸ்ப்ளிட்டரைத்தான் மாட்ட வேண்டும். விசாரிக்காமல் எல்.என்.பி.யை மட்டும் வாங்கினால் காசு தண்டம்!

3. ஒரே படம் இரண்டு அறையில் தெரிந்தால் போதுமா? அப்படியானால் இரண்டாவது பாக்ஸே வேண்டாம். இருக்கிற பாக்ஸிலிருந்து எச்.டி.எம்.ஐ. ஸ்ப்ளிட்டர் மூலம் இரண்டு டி.வி.க்கும் கொடுத்துவிடலாம்.

தனியார் டிஷ் வைத்திருப்பவர்கள், இரண்டாவது பாக்ஸுக்கு மாதக் கட்டணம் எவ்வளவு என்று முதலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது.

கவனிக்க வேண்டியவை

* 'ஆர்.ஜி.6' என்று அச்சிட்ட நல்ல ஒயராக வாங்குங்கள். ஒயர் நீள நீள சிக்னல் குறையும். ஆகவே சுற்றி வளைக்காமல் கிட்டத்து வழியாக இழுக்கச் சொல்லுங்கள்.

* வீட்டுக்குள் நுழையும் இடத்தில் ஒயரைக் கொஞ்சம் கீழே தொங்கவிட்டுப் பிறகு மேலேற்றினால், மழைத் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும், சுவருக்குள் இறங்காது.

* டிஷ் கம்பத்துக்கு எர்த் போடச் சொல்லுங்கள். இடி இடிக்கும் அறிகுறி தெரிந்ததுமே டி.வி. பிளக்கையும் டிஷ் ஒயரையும் கழற்றிவிடுங்கள். இடி தொடங்கிய பிறகு ஒயரைத் தொடவே கூடாது. மலைவாசிகளுக்கு இது மிக முக்கியம்!

* கரண்ட் கம்பிக்குப் பக்கத்தில் டிஷ் வைக்க விடாதீர்கள். ஈர ஓட்டின்மேல் பிள்ளைகளை ஏற்றாதீர்கள்.

* கனமழையில் சிறிது நேரம் படம் போவது சகஜம். மழை விட்டதும் தானே வந்துவிடும். அதற்காக டிஷ்ஷைத் திருப்பி வைக்காதீர்கள்.

இரட்டை எல்.என்.பி. போட்ட அன்றிலிருந்து எங்கள் வீட்டில் கணக்குப் பாடமும் நடந்தது. அறிவியல் பாடமும் நடந்தது. அக்கா தம்பி சண்டை மட்டும் முழுசாக நிற்கவில்லை! அதற்கு எந்த மெக்கானிக்கும் மருந்து வைத்திருக்கவில்லை.

உங்கள் வீட்டுக்கும் யாராவது ஸ்ப்ளிட்டரோடு வந்தால், "ரெண்டு பாக்ஸ்லயும் வேற வேற சேனல் வெச்சுக் காட்டுங்க, எல்லாச் சேனலும் மாத்தி மாத்திப் பார்க்கணும்" என்று சொல்லுங்கள். படம் நிற்காமல் வந்தால் மட்டும் பணத்தை எண்ணிக் கொடுங்கள்.