பேய்க் கதையும் ஊர்க் கதையும்

பழைய லயத்து ஆலமரத்தடியில் பேய் உலாவுகிறது என்று நம் வகுப்பில் ஒரு சிறுவன் சொன்னான். "மூடநம்பிக்கை பேசாதே" என்று அதட்டி உட்கார வைத்துவிட்டோம். அன்றிரவு ஒரு நாவலைப் படித்தபோது, நாம் செய்தது சரிதானா என்ற ஐயம் எழுந்தது.

மலேசியச் சீன எழுத்தாளர் யாங்சி சூ ஆங்கிலத்தில் எழுதி 2013-இல் வெளிவந்த நாவல் அது. 'பேய் மணமகள்' என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். கதை 1893-ஆம் ஆண்டு மலாக்காப் பட்டணத்தில் நடக்கிறது. லீ லான் என்ற பெண்ணின் தந்தை அபினிக்கு அடிமையாகிச் சொத்தை இழந்தவர். பணக்காரக் குடும்பம் ஒன்று, இறந்துபோன தங்கள் மகனுக்கு அவளைப் பெண் கேட்கிறது!

வேடிக்கையாக இருக்கிறதல்லவா? ஆனால் இறந்தவருக்கு மணம் முடிக்கும் வழக்கம் சீனரிடையே உண்மையாகவே இருந்தது. மணமாகாமல் இறந்தவரின் ஆவி அமைதியடைய வேண்டும் என்பதே அதன் நோக்கம்.

பிறகு லீ லானின் உயிர் உடலை விட்டுப் பிரிந்து ஆவியுலகில் அலைகிறது. உறவினர் எரித்த காகித வீடும் காகித வேலையாட்களும் அங்கே மெய்யாகிவிடுகின்றன. படையல் வைக்க ஆளில்லாத ஆவிகளோ பசியால் வாடுகின்றன. சீனர் வீட்டுச் சாவில் காகித வீடு எரிப்பதை நாமும் பட்டணத்தில் பார்த்திருக்கிறோம். அந்த வழக்கத்திலிருந்தே ஆசிரியர் ஓர் உலகத்தைக் கட்டியிருக்கிறார்.

இவ்வகைக் கதை எப்படி நிற்கிறது? முதலில், உண்மையான ஊர் வேண்டும். 1511-இல் போர்த்துகீசியர், 1641-இல் டச்சுக்காரர், பின்னர் ஆங்கிலேயர் என்று பலர் ஆண்ட ஊர் மலாக்கா. அடுத்து, அவ்வூர் மக்களின் நம்பிக்கை வேண்டும். அதற்கும் மேலே, ஓர் உண்மையான துன்பம் வேண்டும். லீ லானைத் துரத்தும் ஆவி கற்பனைதான். ஆனால் வீட்டுக் கடனுக்காக ஒரு பெண்ணின் வாழ்வை விலை பேசுவது கற்பனையன்று.

அதே மலாக்காவில்தான் 1896-இல் டான் சாய் யான் என்பவர் ரப்பரை வணிகப் பயிராக நட்டார். அந்த ரப்பர்தான் பின்னர் நம் முன்னோர் பலரைத் தோட்டங்களுக்குக் கொண்டுவந்தது. அவர்களுக்கும் நம்பிக்கைகள் இருந்தன, துன்பங்கள் இருந்தன. அவற்றை யார் எழுதினார்கள்?

மறுநாள் அந்தச் சிறுவனை அழைத்து, "கதையை முழுதும் சொல், தம்பி" என்றோம். அவன் பாட்டியிடம் கேட்டு வந்து சொன்னான். முன்னொரு காலத்தில், விடியுமுன் பால்மரம் வெட்டப் போன ஒரு பெண்ணை அங்கே பாம்பு தீண்டிவிட்டதாம். பிள்ளைகள் இருட்டில் அந்தப் பக்கம் போகாதிருக்கப் பெரியவர்கள் பேயைச் சொல்லி வைத்தார்களாம். அந்தப் பேய்க் கதை இல்லாவிட்டால் அந்தப் பெண்ணின் நினைவே அழிந்திருக்கும்.

பேயை நம்பச் சொல்லவில்லை. ஆனால் தோட்டங்கள் விற்கப்படுகின்றன, லயங்கள் இடிக்கப்படுகின்றன. இடம் போனால் கதையும் போய்விடும். ஆகவே, பெற்றோர்களே, இன்றிரவே பாட்டியிடம் ஒரு கதை கேளுங்கள். எந்த இடம், எந்தக் காலம், உண்மையில் என்ன நடந்தது என்பதையும் கேட்டு, பிள்ளையை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். நாளைக்கு நம் தோட்டத்தைப் பற்றிக் கதை எழுதப்போகிறவனுக்கு அதுவே முதலாகும்.