பிள்ளையோடு சேர்ந்து வாசிக்க ஐந்து புத்தகங்கள்

ஒக்டோபர் நமது நாட்டில் தேசிய வாசிப்பு மாதம். பாடசாலைகளிலும் நூலகங்களிலும் பேச்சுப்போட்டி, கட்டுரைப்போட்டி என்று ஒரு மாதம் கலகலப்பாக இருக்கும். மாதம் முடிந்ததும் பதாதைகளைக் கழற்றி விடுவார்கள். பிறகு பிள்ளையின் கையில் மிஞ்சுவது பாடப்புத்தகமும் உம்மாவின் கைத்தொலைபேசியும்தான்.

சம்மாந்துறையில் நாங்கள் சில பெண்கள் அடிக்கடி ஒன்றுகூடிக் கதைப்பது வழக்கம். யுத்த காலத்தில் கணவனை இழந்தவர்கள் இன்று மூத்தம்மாமார். வாப்பா இல்லாமல் வளர்ந்த பெண்பிள்ளைகள் இன்று தாய்மார். பலருக்கும் இடம்பெயர்வோடு படிப்பு நின்றுபோனது. "எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க ஏலும் ராத்தா, நான் என்னத்தைப் பிள்ளைக்குப் படிச்சுக் கொடுக்க?" என்று கேட்பவர்களே அதிகம். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

பரீட்சைக்கு உதவும் புத்தகங்களைப் பற்றி நான் இங்கு பேசவில்லை. நமது வீடுகளில் பேசப்படாத விடயங்கள் நிறைய உண்டு. பயம், இழப்பு, பசி, உடலில் படும் தவறான கை. இவற்றைப் பிள்ளைகள் நேரே நம்மிடம் கேட்பதில்லை. கதையில் வரும் ஒரு பிள்ளைக்கு நடந்தால் கேட்பார்கள். அந்த வாய்ப்பைத் தரும் ஐந்து நூல்களை வயதுப்படி சொல்கிறேன்.

சின்னப் பிள்ளைகளுக்கு: குடைத் திருடன்

சிபில் வெத்தசிங்க சிங்களத்தில் எழுதி, படமும் வரைந்த கதை இது. 1956 இல் முதலில் வந்தது, தமிழிலும் உண்டு. குடையையே கண்டிராத கிராமத்து மனிதர் நகரத்தில் ஒரு குடை வாங்கி வருகிறார். அது காணாமல் போகிறது. திரும்பத் திரும்ப வாங்குகிறார், திரும்பத் திரும்பப் போகிறது. திருடன் யார் என்று கண்டுபிடிக்கும்போது பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். துக்கம் நிறைந்த வீட்டில் வாசிப்பைச் சிரிப்பிலிருந்து தொடங்குவதே நல்லது.

2020 இல் காலமான இந்த அம்மையார், தமது கடைசிக் காலத்தில் ஒரு கதையை முடிக்காமல் விட்டு, முடிவைப் பிள்ளைகளிடமே எழுதக் கேட்டார். ஆயிரத்துக்கும் அதிகமான முடிவுகள் வந்து, அந்த நூல் கின்னஸ் சாதனையானது. நீங்களும் கதையைப் பாதியில் நிறுத்தி "பிறகு என்ன நடந்திருக்கும்?" என்று கேட்டுப் பாருங்கள்.

எட்டு வயதிலிருந்து: மரப்பாச்சி சொன்ன ரகசியம்

எஸ். பாலபாரதி எழுதிய இந்த நூல் 2020 ஆம் ஆண்டுக்கான இந்திய சாகித்திய அக்கடமியின் சிறுவர் இலக்கிய விருதைப் பெற்றது. மரப்பாச்சிப் பொம்மை ஒன்று ஒரு சிறுமியோடு பேசுகிறது. தவறாகத் தொடும் பெரியவர்களைப் பற்றி மறைக்காமல் சொல்லும் துணிவை அது அவளுக்குத் தருகிறது.

மத்திய கிழக்குக்குத் தாய் போய், பிள்ளை உறவினர் வீட்டில் வளரும் நமது ஊர்களில் இந்தப் புத்தகம் அவசியம் தேவை. ஆண்பிள்ளைகளும் வாசிக்க வேண்டும். வாசித்தபின் பிள்ளை ஏதாவது சொன்னால் ஏசாதீர்கள், அடிக்காதீர்கள், "அப்படி இருக்காது" என்று வாயை மூடாதீர்கள். முதலில் நம்புங்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம் 1929.

பத்து வயதிலிருந்து: டோட்டோ-சான்

ஜப்பானியப் பெண்மணி தெத்சுகோ குரோயாநாகி தமது பள்ளி நாட்களைப் பற்றி 1981 இல் எழுதியது. இந்திய நேஷனல் புக் டிரஸ்ட் தமிழில் வெளியிட்டுள்ளது. குழப்படிக்காரி என்று முதல் பள்ளியில் விலக்கப்பட்ட சிறுமியை, கோபயாஷி என்ற அதிபர் தமது பள்ளியில் சேர்க்கிறார். முதல் நாளே அவள் பேச்சை நான்கு மணித்தியாலம் கேட்டுக்கொண்டிருக்கிறார். ஓடாத ரயில் பெட்டிகள்தான் அங்கே வகுப்பறைகள்.

அந்தப் பள்ளி 1945 இல் குண்டுவீச்சில் எரிந்து போகிறது. பாடசாலை அகதி முகாமானதைக் கண்ட நமக்கு அந்தப் பக்கங்கள் அந்நியமாக இருக்காது. பள்ளி எரிந்தாலும் அங்கு கிடைத்த அன்பு அவரோடு வளர்ந்தது என்பதைப் பிள்ளை விளங்கிக்கொள்ளும்.

பன்னிரண்டு வயதிலிருந்து: ஆதனின் பொம்மை

உதயசங்கர் எழுதி, 2023 இல் அதே விருதைப் பெற்ற இளையோர் நாவல். மதுரைக்கு அருகே கீழடியில் நடந்த அகழாய்வை வைத்துப் பின்னப்பட்ட கதை. இக்காலத்துச் சிறுவன் ஒருவன், ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஆதனைச் சந்திக்கிறான். கைத்தொலைபேசியை விட்டு எழும்பாத ஆண்பிள்ளைகளுக்கு இதைக் கொடுங்கள். வாசித்த கையோடு, மூத்தம்மாவிடம் ஊரின் பழைய கதைகளைக் கேட்கச் சொல்லுங்கள்.

பதினான்கு வயதிலிருந்து: நான் மலாலா

பாகிஸ்தானின் சுவாத் பள்ளத்தாக்கில் பெண்பிள்ளைகளின் படிப்புக்காகப் பேசிய மலாலா, 2012 இல் பள்ளி வாகனத்தில் சுடப்பட்டார். உயிர் தப்பி, 2014 இல் 17 வயதில் நோபல் சமாதானப் பரிசு பெற்றார். 2009 இல் அவரது குடும்பமும் மோதலால் இடம்பெயர்ந்து அலைந்தது.

எனக்கு இந்நூலில் மனதில் நின்றவர் அவரது தாய் தூர் பெகாய். சிறு வயதிலேயே பள்ளியை விட்டவர், பிள்ளைகள் வளர்ந்த பின் எழுத்துப் படிக்கத் தொடங்கினார். துப்பாக்கிச் சூடு பற்றிய பகுதிகள் கனமானவை. வீட்டில் உயிரிழப்பு நடந்திருந்தால் பிள்ளையைத் தனியே வாசிக்க விடாதீர்கள், பக்கத்தில் இருங்கள்.

வாசிக்கத் தெரியாத தாய் என்ன செய்வது?

பிள்ளையை உரத்து வாசிக்கச் சொல்லுங்கள். நீங்கள் மீன் அரியலாம், பாய் பின்னலாம், காது மட்டும் கதையில் இருக்கட்டும். மஃரிபுக்குப் பிறகோ விளக்கு வைத்த பிறகோ பதினைந்து நிமிடம் போதும். பிழை பிடிக்க வேண்டாம், பரீட்சை வைக்க வேண்டாம். "நீயென்றால் என்ன செய்வாய்?" என்ற ஒரு கேள்வி போதும். பிள்ளை அழுதால் புத்தகத்தை மூடிவிட்டு அணைத்துக்கொள்ளுங்கள். கதையை நாளைக்கு வாசிக்கலாம்.

எங்கே எடுப்பது?

காசு கொடுத்து வாங்க எல்லோராலும் முடியாது. முதலில் பொது நூலகத்தில் பிள்ளையை அங்கத்தவராக்குங்கள். இல்லாத நூலை வாங்கித் தரும்படி நாலைந்து பெண்கள் சேர்ந்து எழுத்தில் கேளுங்கள். ஐந்து குடும்பம் ஆளுக்கொரு நூல் வாங்கினால் ஐந்து வீட்டுக்கும் ஐந்து நூல்கள்.

கைத்தொலைபேசியையும் பயன்படுத்தலாம். 2005 முதல் இயங்கும் நூலகம் இணையத்தளத்தில் இலங்கைத் தமிழ் நூல்கள் இலவசமாக உண்டு. பிரதம் புக்ஸ் 2015 இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் சிறு பிள்ளைகளுக்கான தமிழ்ப் படக்கதைகள் ஏராளம்.

சகோதரிகளே, யுத்தம் நம்மில் பலரின் கையிலிருந்து புத்தகத்தைப் பறித்தது. நமது பிள்ளைகளின் கையில் அதைக் கொடுப்பதற்கு நாம் பட்டதாரிகளாக இருக்கத் தேவையில்லை. இந்த வாரமே ஒரு நூலோடு தொடங்குங்கள்.