வேகம் எங்கே தொலைந்துபோகிறது?

ஞாயிற்றுக்கிழமை மாலை. லண்டனில் செவிலியராகப் பணிபுரியும் பேத்தி வீடியோவில் அழைக்கிறாள். பின்னறைக் கட்டிலில் இருக்கும் பாட்டியிடம் செல்பேசியைக் கொடுக்கிறார்கள். “பாட்டி, சாப்பிட்டீங்களா?” என்று அவள் கேட்டு முடிப்பதற்குள் படம் அசையாமல் நின்றுவிடுகிறது. குரல் துண்டு துண்டாக வருகிறது. பாட்டி முகம் வாடி, செல்பேசியைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார். “இந்த வேகம் போதாது, பெரிய திட்டத்துக்கு மாறிவிடலாம்” என்கிறார் மகன். மாதம் சில நூறு ரூபாய் கூடுகிறது. ஆனால் அடுத்த ஞாயிறும் பின்னறையில் அதே கதைதான்.

அன்பர்களே, இப்படி ஒரு காட்சி நம் வீடுகளிலும் நடந்திருக்கலாம். கூடுதலாகப் பணம் கட்டியும் வேகம் வரவில்லையே, ஏன்?

இணையம் நம் கைக்கு வரும் வழியில் இரண்டு கட்டங்கள் உண்டு. தெருவிலிருந்து கம்பி வழியாக ரூட்டர் என்னும் வைஃபை பெட்டி வரை வருவது முதல் கட்டம். அந்தப் பெட்டியிலிருந்து வானொலி அலைகளாகச் செல்பேசிக்கு வருவது இரண்டாம் கட்டம். நாம் மாதந்தோறும் கட்டும் பணம் முதல் கட்டத்துக்கு மட்டுமே. இரண்டாம் கட்டம் முழுவதும் நம் வீட்டுக்குள் நடக்கிறது.

ஆகவே, முதலில் சோதித்துப் பார்ப்போம். பெட்டியின் அருகில் நின்று செல்பேசியில் வேகத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பின்னறைக்குச் சென்று அளந்து பாருங்கள். பெட்டியின் அருகிலேயே வேகம் குறைவு என்றால், மடிக்கணினியைக் கம்பியால் பெட்டியோடு இணைத்து இன்னொரு முறை அளந்து பாருங்கள். அப்போதும் குறைவு என்றால் இணைப்புத் தந்தவர்களிடம் கேட்க வேண்டும். அருகில் நன்றாக இருந்து பின்னறையில் மட்டும் குறைந்தால், குறை வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. எவ்வளவு பெரிய திட்டத்துக்கு மாறினாலும் அது தீராது.

அளக்கும்போது ஒரு குழப்பம் வரும். திட்டங்கள் மெகாபிட் கணக்கில் சொல்லப்படுகின்றன. கோப்புகளின் அளவோ மெகாபைட் கணக்கில் இருக்கிறது. 8 பிட் சேர்ந்தது 1 பைட். எனவே 50 மெகாபிட் திட்டத்தில் நொடிக்கு 6 மெகாபைட் அளவில் கோப்பு இறங்கினால் அது சரியான வேகமே. தெளிவான வீடியோ அழைப்புக்கு 4 மெகாபிட் வேகம் போதும். அப்படியானால் பாட்டியின் அழைப்பு தடைபடுவதற்குத் திட்டம் சிறியதாக இருப்பது காரணமல்ல.

பெட்டி இருக்கும் இடத்தைப் பார்ப்போம். கம்பி எந்த வழியாக வீட்டுக்குள் நுழைகிறதோ, அங்கேயே பெட்டியையும் பெரும்பாலும் மாட்டிவிடுகிறார்கள். முன்னறை சன்னலோரத்தில் அது இருந்தால் அலைகளில் பாதி தெருவுக்குப் போகிறது. மீதிப் பாதி ஒவ்வொரு சுவரையும் கடக்கும்போது வலுவிழக்கிறது. இரும்புக் கம்பி வைத்துக் கட்டிய கான்கிரீட், இரும்பு பீரோ, பெரிய கண்ணாடி, மீன் தொட்டி ஆகியவை அலைகளை இன்னும் அதிகமாகத் தடுக்கின்றன. தொலைக்காட்சிக்குப் பின்னால் ஒளித்துவைத்த பெட்டியும் அப்படித்தான். வீட்டின் நடுவில், ஆள் உயரத்தில், திறந்த இடத்தில் வைப்பதே நல்லது. கண்ணாடி இழைக் கம்பியை மடக்கினால் பழுதாகிவிடும். ஆகவே அதை நாமே இழுக்காமல் பணியாளரைக் கொண்டு மாற்றுவோம்.

இன்றைய பெட்டிகள் பலவும் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என இரண்டு அலைவரிசைகளில் இயங்குகின்றன. முன்னது சுவர்களைத் தாண்டித் தொலைவுக்குப் போகும், ஆனால் வேகம் குறைவு. பின்னது வேகமானது, ஆனால் அருகில் இருப்பவர்களுக்கே ஏற்றது. மைக்ரோவேவ் அடுப்பும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அளவில்தான் இயங்குகிறது. அதனால் அடுப்பு ஓடும்போது அந்த அலைவரிசை தடுமாறலாம். அடுக்குமாடிகளில் அண்டை வீட்டுப் பெட்டிகளும் அதே அலைவரிசையில் இடம் தேடுகின்றன. அங்கே ஒன்றோடொன்று மோதாத வழித்தடங்கள் 1, 6, 11 ஆகிய மூன்றே. பெட்டியின் அமைப்பில் இவற்றுள் நெரிசல் குறைந்ததைத் தேர்ந்தெடுக்கலாம்.

நாம் முக்கியமாக அறிய வேண்டியது இன்னொன்று உண்டு. ஒரே அலைவரிசையில் பொதுவாக ஒரு நேரத்தில் ஒரு கருவிதான் பேச முடியும். மற்றவை காத்திருக்க வேண்டும். தொலைவில், வலுவில்லாத அலையில் இருக்கும் கருவி மெதுவாகவே பேசும். அது பேசி முடிக்கும்வரை அருகில் இருப்பவையும் காத்திருக்கின்றன. அதாவது, பின்னறையில் பாட்டி படும் சிரமம் முன்னறையில் படிக்கும் பேரனையும் தாமதப்படுத்துகிறது. பெட்டியைப் பாட்டியின் அறைப் பக்கமாக நகர்த்தினால் அவனுடைய பாடமும் தடையின்றி ஓடும். அசையாமல் இருக்கும் தொலைக்காட்சியைக் கம்பியால் இணைத்துவிட்டால் அலையில் இன்னும் இடம் கிடைக்கும்.

நீளமான வீடுகளில் ஒரு பெட்டி போதாமல் போகலாம். அலையை வாங்கித் திருப்பி அனுப்பும் சிறு கருவிகளை வைத்தால், வாங்கவும் கொடுக்கவும் ஒரே அலைவரிசையைப் பயன்படுத்துபவற்றில் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும். அதையும் அலையே எட்டாத அறையில் வைத்துப் பயனில்லை, நடுவழியில் வைக்க வேண்டும். கம்பி இழுத்துப் பின்னறையில் இரண்டாவது பெட்டி வைப்பதே உறுதியான வழி.

அடுத்த திட்டத்துக்குப் பணம் கட்டுமுன், செல்பேசியோடு ஒருமுறை வீட்டைச் சுற்றி நடப்போம். ஒவ்வோர் அறையிலும் வேகத்தை அளந்து எழுதிக்கொள்வோம். எந்த அறையில் மிகக் குறைவு, அங்கே இருப்பவர் யார் என்று பார்ப்போம். பல வீடுகளில் அது முதியவர்களின் அறையாகவே இருக்கும். பெட்டியை எங்கே வைப்பது என்று முடிவு செய்யும்போது அவர்களை முதலில் நினைத்தால், வீட்டில் எல்லாருக்கும் வேகம் கிடைக்கும்.