பள்ளிக்கூடத்து உப்புமாவும் வியட்நாம் போரும்... அமெரிக்கக் கோதுமை தமிழ்நாட்டுக்கு வந்த கதை!

கள்ளக்குறிச்சி, சின்னசேலம், கச்சிராயபாளையம்... ஊர் எதுவானாலும் சரி, 60 வயதைத் தாண்டியவர்களிடம் ``பள்ளிக்கூடத்துல மதியம் என்ன போட்டாங்க?'' என்று கேட்டுப் பாருங்கள். கோதுமை உப்புமா, பால் பவுடர் என்று பேச்சு நீளும்.

கோமுகி ஆற்றுப் பாசனத்தில் நெல்லும் கரும்பும் விளையும். கல்வராயன் மலையில் சாமையும் தினையும் விளையும். ஆனால், அந்த உப்புமாவுக்கான கோதுமை இங்கே விளையவில்லை. அது அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்தது. அந்தக் கப்பல்களுக்குப் பின்னால் ஓர் உலக அரசியலே இருந்தது.

மிஞ்சிப்போன கோதுமை

1898-ல் ஸ்பெயினைப் போரில் வென்று பிலிப்பைன்ஸ், போர்ட்டோ ரிக்கோ, குவாம் தீவுகளைக் கைப்பற்றியபோதே அமெரிக்கா கடல் கடந்து கால் பதித்துவிட்டது. இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது ஐரோப்பாவும் ஜப்பானும் சிதைந்து கிடந்தன. அமெரிக்க வயல்களோ அப்படியே இருந்தன. விளைச்சல் பெருகியது. விலை விழாமலிருக்க அரசே தானியத்தை வாங்கியதால் கிடங்குகள் நிரம்பி வழிந்தன.

இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். 1954 ஜூலை 10-ல் அதிபர் ஐசனோவர் கையெழுத்திட்ட `பி.எல்.480' என்ற சட்டம், மிஞ்சிய தானியத்தை நட்பு நாடுகளுக்குச் சலுகையில் விற்க வழிவகுத்தது. அமெரிக்க விவசாயிக்கு விலை கிடைக்கும். சோவியத் ரஷ்யாவுடனான பனிப்போரில் ஏழை நாடுகளின் நட்பும் கிடைக்கும். இந்தியா 1956 ஆகஸ்டில் முதல் ஒப்பந்தம் போட்டது. டாலர் கேட்கவில்லை, ரூபாயாகவே கொடுக்கலாம் என்பது பெரிய நிம்மதி.

அதே காலகட்டத்தில்தான் காமராஜர் மதிய உணவுத் திட்டத்தைக் கொண்டுவந்தார். 1961 முதல் `கேர்' என்ற அமெரிக்கத் தொண்டு நிறுவனம் அதற்கு உணவுப்பொருள்களை வழங்கியது. வீட்டில் அடுப்பெரியாத நாளிலும் பள்ளிக்கு வந்தால் பிள்ளைகளின் வயிறு நிறைந்தது. இதை யாரும் மறுக்க முடியாது.

கப்பல் வந்தால்தான் சாப்பாடு

சிக்கல் 1965-ல் வந்தது. அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் மழை பொய்த்தது. பாகிஸ்தானுடன் போர் வேறு. திங்கள்கிழமை இரவு ஒருவேளைச் சாப்பாட்டை விட்டுக்கொடுங்கள் என்று மக்களிடம் கேட்டுக்கொண்டார் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி. கப்பலிலிருந்து நேராக வாய்க்கு என்று சொல்லும் நிலை.

அப்போது அமெரிக்க அதிபராக இருந்தவர் லிண்டன் ஜான்சன். நீண்டகால ஒப்பந்தம் போடாமல், சிறிது சிறிதாகவே கோதுமையை அனுப்ப அனுமதித்தார். விவசாயத்துக்கு இந்தியா முன்னுரிமை தர வேண்டும் என்பது அவர் சொன்ன காரணம். வியட்நாமில் அமெரிக்கா குண்டு வீசியதை இந்தியா விமர்சித்ததும் அவருக்குப் பிடிக்கவில்லை. எங்கோ நடந்த போர், நம் ஊர்ப் பிள்ளைகளின் சாப்பாட்டுத் தட்டு வரை வந்துவிட்டது.

தமிழ்நாட்டிலும் அரிசித் தட்டுப்பாடு. 1967 தேர்தலில் `ரூபாய்க்கு மூன்று படி அரிசி' என்ற தி.மு.க-வின் வாக்குறுதி ஏன் அப்படி எடுபட்டது என்பது இப்போது புரியும்.

தானியம் தீரும், விதை பெருகும்

இந்த நெருக்கடியில் வழி தேடியவர்களில் இருவர் தமிழர்கள். ஒருவர், அன்றைய மத்திய உணவு, விவசாய அமைச்சர், பொள்ளாச்சிப் பகுதியைச் சேர்ந்த சி.சுப்பிரமணியம். இன்னொருவர், கும்பகோணத்தில் பிறந்த விஞ்ஞானி எம்.எஸ்.சுவாமிநாதன்.

1966-ல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் குட்டை ரகக் கோதுமை விதை வந்தது. ஆண்டுக்கு அதிகபட்சம் சுமார் 1.2 கோடி டன்னாக இருந்த கோதுமை விளைச்சல், 1968-ல் 1.6 கோடி டன்னைத் தாண்டியது. நெல்லில் ஐ.ஆர்.8 ரகம் பிலிப்பைன்ஸிலிருந்து வந்தது. இந்த ஆராய்ச்சிகளுக்குப் பின்னாலும் அமெரிக்க அறக்கட்டளைகளின் பணம் இருந்தது. ஆனாலும் ஒரு வித்தியாசம் உண்டு. தானியம் சாப்பிட்டால் தீர்ந்துவிடும். விதை நம் வயலில் பெருகும்.

இத்தனை செய்த சுப்பிரமணியம், 1967 தேர்தலில் தோற்றுப்போனார். 1998-ல் அவருக்கு பாரத ரத்னா விருது கிடைத்தது.

1971 டிசம்பரில், வங்கதேசப் போரின்போது, இந்தியாவை மிரட்ட `என்டர்பிரைஸ்' என்ற விமானந்தாங்கிக் கப்பலை வங்கக் கடலுக்கு அனுப்பினார் அதிபர் நிக்சன். இந்தியா பணியவில்லை. அந்த ஆண்டு இறுதியோடு பி.எல்.480 கோதுமை வாங்குவதையும் நிறுத்திக்கொண்டது. 1966-ல் இப்படி நிமிர்ந்து நின்றிருக்க முடியுமா என்பது சந்தேகமே.

1,664 கோடிக்கு ஒரு காசோலை

சரி, நாம் கொடுத்த ரூபாயெல்லாம் என்ன ஆனது? அமெரிக்காவின் கணக்கில் இந்தியாவிலேயே குவிந்தது. 1974 பிப்ரவரியில் அமெரிக்கத் தூதர் மொய்னிகன் 1,664 கோடி ரூபாய்க்கு ஒரே காசோலை எழுதி, அதில் பெரும்பகுதியை இந்தியாவிடமே திருப்பிக் கொடுத்தார்.

இதில் இன்னொரு சுவாரஸ்யமும் உண்டு. 1962 முதல் அந்த ரூபாயில் இந்திய மொழிப் புத்தகங்களை வாங்கி அமெரிக்க நூலகங்களுக்கு அனுப்பினார்கள். அங்குள்ள பல்கலைக்கழக நூலகங்களில் தமிழ்ப் புத்தகங்கள் சேர்ந்ததற்கு இந்தக் கோதுமைக் காசும் ஒரு காரணம்.

இப்போது மக்காச்சோளம்

2025-ல் இந்தியப் பொருள்கள் மீது அமெரிக்கா வரியை 50 சதவிகிதம் வரை உயர்த்தியது. வர்த்தகப் பேச்சுவார்த்தையில் தன் மக்காச்சோளத்துக்கும் சோயாவுக்கும் இந்தியச் சந்தையைத் திறந்துவிடச் சொன்னது. கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் மானாவாரி நிலத்தை நம்பியிருக்கும் பலருக்கு மக்காச்சோளம்தான் காசு தரும் பயிர். வாஷிங்டனில் பேசப்படுவது இவர்களின் களத்து மேட்டு விலையைத் தொடக்கூடும்.

அன்று நம்மிடம் தானியம் இல்லை, அதனால் வாங்கினோம். இன்று இருக்கிறது. விளைவிப்பவருக்குக் கட்டுப்படியாகும் விலை கிடைத்தால்தான் அது நாளைக்கும் இருக்கும்.