மாமா கடைக்குப் போகிற வழி

சிங்கப்பூரின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடிகளில் பெரும்பாலும் தரைத்தளத்தில் வீடுகள் இருக்காது. தூண்களுக்கு நடுவே திறந்தவெளியாக விட்டிருப்பார்கள். ‘வாய்ட் டெக்’ என்பார்கள். 1970களில் பரவலான அமைப்பு இது. ஒரு வாரம் மலாய்க் கல்யாணம் நடக்கும். இன்னொரு வாரம் அதே இடத்தில் சீனக் குடும்பம் ஒன்று துக்கம் காக்கும். சதுரங்கக் கட்டம் பதித்த கல்மேசைகளில் பெரியவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். சில புளோக்குகளில் ஓரமாக ஒரு சிறு பெட்டிக்கடை. மலாய்க்காரரும் சீனரும்கூட அதை ‘மாமா கடை’ என்றே சொல்கிறார்கள். நம் தமிழ் மாமாதான். அந்தக் கடைகளை நடத்தியவர்களில் பலர் இந்திய முஸ்லிம்கள்.

தனியாக இருப்பவர் நட்பைத் தேடி வீட்டைவிட்டுக் கிளம்புவது அபூர்வம். ரொட்டி வாங்கக் கிளம்புவார். மின்தூக்கியிலிருந்து தெருவுக்குப் போக இந்தத் தளத்தைத்தான் கடக்க வேண்டும். அதே முகத்தை நாலு நாள் பார்த்தால் ஐந்தாம் நாள் தலையசைப்பு வரும். பிறகு ஒருநாள், “என்ன, நேத்து காணோமே?” அந்தக் கேள்விக்காகத்தான் இவ்வளவு இடத்தையும் காலியாக விடலாம் என்பேன். தூரத்தில் எவ்வளவு அழகான பூங்கா கட்டினாலும் இந்த வேலையைச் செய்யாது. அங்கே போவதற்கென்று தனியாக மனம் வேண்டும்.

புதிய குடியிருப்புகள் பலவற்றில் இந்த வெளி சுருங்கிவிட்டது. பழைய இடங்களிலும் பந்து விளையாடத் தடை என்ற பலகையைப் பார்க்கலாம். இரைச்சலால் தூக்கம் கெடுபவரின் சிரமம் புரிகிறது. ஆனாலும் பிள்ளைகள் போய்விட்ட இடத்தில் பெரியவர்கள் வேடிக்கை பார்க்க என்ன மிஞ்சும்?

உட்லண்ட்ஸில் உள்ள கம்போங் அட்மிரல்ட்டி என்ற கட்டடம், போகிற வழியில் சந்திக்கவைக்கும் இதே யோசனையை மேல்நோக்கி அடுக்கியிருக்கிறது. ஒரு ஹெக்டேருக்கும் குறைவான நிலம். கீழே பொதுச் சதுக்கம், அதற்கு மேல் உணவங்காடி நிலையம், மருத்துவ நிலையம், உச்சியில் தோட்டம். முதியோருக்காக 104 சிறு வீடுகள். முதியோர் நிலையத்துக்குப் பக்கத்திலேயே குழந்தைப் பராமரிப்பு நிலையம். மருந்து வாங்கவோ மீ சாப்பிடவோ புறப்பட்டால் வழியில் யாராவது எதிர்ப்படுவார்கள். வோஹா நிறுவனம் வடிவமைத்த இந்தக் கட்டடம் 2018இல் உலகின் சிறந்த கட்டடமாக உலகக் கட்டடக்கலை விழாவில் தேர்வானது.

எனக்கு அதில் மிகவும் பிடித்தது சின்ன விஷயம்: அக்கம்பக்க வீடுகளின் பொது வாசலில் போட்டிருக்கும் பெஞ்சு. முழங்கால் வலியில் கீழே இறங்க முடியாத நாளிலும் அதுவரை வந்து உட்காரலாம்.